கையடக்கக் கேமரா: தெரிவும் பயனும்

மனிதன் தான் கண்டதைப் பிறருக்குக் காட்ட விழைந்த நாள் முதலாகப் படம் பிறந்தது. பாறையில் தீட்டினான், சுவரில் எழுதினான், துணியில் வரைந்தான். ஆயினும் வரையும் கை வாய்த்தவர் சிலரே. ஏனையோர் தம் பெற்றோரின் முகத்தையும், தாம் விளையாடிய முற்றத்தையும் நெஞ்சில் மட்டுமே சுமந்து, இறுதியில் அவற்றைத் தம்மோடு கொண்டு சென்றனர். ஒளிப்படக் கலை தோன்றி இக்குறையைப் பெரிதும் போக்கியது.

இன்றோ நிலைமை வேறு. படம் எடுக்காத நாளில்லை, எடுக்காத வீடில்லை. ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த பாட்டியின் தெளிவான படம் ஒன்று வேண்டுமென்று தேடும்போது, ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே ஒன்றுகூடத் தக்கதாகக் கிடைப்பதில்லை. கிடைத்தது மங்கலாக இருக்கிறது. அல்லது பழைய கைப்பேசியோடு போய்விட்டது. எடுப்பது எளிதானதால் நன்றாக எடுப்பதிலும் பேணுவதிலும் கருத்துக் குறைந்துவிட்டது என்பதே இதன் பொருள். ஆகவே, அன்றாடப் படங்களுக்கெனக் கையடக்கமான டிஜிட்டல் கேமரா ஒன்றை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வாறு கையாள்வது, எடுத்த படத்தை எவ்வாறு காப்பது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

இருட்டறையிலிருந்து

கேமராவின் கதை ஓர் இருட்டறையில் தொடங்குகிறது. கி.பி. 965-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040-இல் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகிறது என்று அவருக்கு முற்பட்டோர் பலர் கருதிவந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் நிறுவினார். இருண்ட இடத்தின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. பல கதிர்கள் ஒரே துளையின் வழியே சென்றாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. இன்று நம் கையிலுள்ள கேமரா இயங்குவதும் இந்த அடிப்படையிலேதான்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. 'கேமரா' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பிறந்தது என்று சிலர் மேடைகளில் கூறுவதுண்டு. அது சரியன்று. அறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. சொல் நம்முடையதா என்பதைவிட, கருத்தை ஆராய்ந்து நிறுவிய அறிஞரின் உழைப்பே நாம் போற்றத்தக்கது.

1839-இல் தாகேரின் முறை பாரிசில் அறிவிக்கப்பட்டபோது இருட்டறையின் காட்சி உலோகத் தகட்டில் நிலைபெற்றது. 1888-இல் கோடக் நிறுவனம் 100 படங்களுக்கான சுருளுடன் கூடிய பெட்டிக் கேமராவை வெளியிட்டு, கலைஞரல்லாதாரும் படமெடுக்க வழிசெய்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னூட்டமாகத் திரட்டும் சில்லு ஒன்றை உருவாக்கினர். அப்பணிக்காக 2009-இல் நோபல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அத்தகைய சில்லைக் கொண்டு 1975-இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படம் கறுப்பு வெள்ளை. மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. அக்கேமராவை உருவாக்கிய நிறுவனமே, படச்சுருள் வணிகம் சரிந்தமையால், 2012-இல் நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கோர நேர்ந்தது.

கைப்பேசி இருக்கக் கேமரா எதற்கு?

இக்கேள்வி நேர்மையான கேள்வி. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அத்தொகை 80 லட்சத்திற்கும் கீழே வந்துவிட்டது. கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. நல்ல வெளிச்சத்தில், அருகிலுள்ள பொருளை, உடனே ஒருவருக்கு அனுப்புவதற்காகப் படமெடுப்பதே நோக்கமாயின் கைப்பேசியே போதும். தனிக் கேமராவுக்குப் பொருள் செலவிட வேண்டியதில்லை.

ஆயினும் மூன்று இடங்களில் கேமரா இன்றும் முன்நிற்கிறது. ஒன்று, தொலைவு. மேடையில் பரிசு பெறும் மாணவரின் முகத்தை அரங்கின் நடுவரிசையிலிருந்து எடுக்க முயன்றால், பெரும்பாலான கைப்பேசிகள் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. கேமராவோ தன் வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, உண்மையாகவே காட்சியை அருகில் கொணர்கிறது. இரண்டு, பிளாஷ். கைப்பேசியிலுள்ளது சிறு விளக்கு. கேமராவிலுள்ளது கண்ணிமைப்பொழுதினும் குறுகிய நேரத்தில் பாயும் வலிய ஒளி. அது இருளில் அசையும் குழந்தையையும் உறையவைத்துக் காட்டும். மூன்று, பேணுதல். கைப்பேசியில் குடும்பப் படங்கள், யாரோ அனுப்பிய வாழ்த்துப் படங்கள், மின்கட்டண ரசீது ஆகிய யாவும் ஒன்றாகக் கிடக்கின்றன. கேமராவின் நினைவு அட்டையில் நாம் எடுத்த படங்கள் மட்டுமே உள்ளன. அவற்றைத் தரம் பிரிப்பதும் காப்பதும் எளிது. மேலும், படமெடுக்கும் வேளையில் அழைப்பு மணி ஒலித்து இடையூறு செய்வதுமில்லை.

தெரிவு: புள்ளிக் கணக்கு மயக்கம்

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, "இது எத்தனை மெகாபிக்ஸல்?" என்பதாகும். மெகாபிக்ஸல் என்பது படத்திலுள்ள புள்ளிகளின் தொகை. ஒரு மெகாபிக்ஸல் பத்து லட்சம் புள்ளிகள். எத்தனை புள்ளி வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆல்பத்தில் ஒட்டும் படத்தின் அளவு 4 அங்குலம், 6 அங்குலம். கூர்மையான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், 1200-ஐ 1800-ஆல் பெருக்க, 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகளே தேவைப்படுகின்றன. ஏ4 தாளின் முழு அளவுக்கும் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் போதும். கடந்த பல ஆண்டுகளில் வெளிவந்த கேமரா எதனையும் எடுத்துக்கொண்டாலும் இத்தொகை அதில் தாராளமாக உண்டு. எனவே 20 மெகாபிக்ஸலுக்கும் 24 மெகாபிக்ஸலுக்கும் உள்ள வேறுபாட்டுக்காக அன்றாடப் படமெடுப்போர் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

அவ்வாறாயின் எதைக் கேட்க வேண்டும்? முதலில், ஒளியுணரியின் பரப்பை. 'சென்சார்' எனப்படும் இச்சில்லே முன்னாளைய படச்சுருளின் இடத்தில் இருந்து ஒளியை ஏற்கிறது. முற்றத்தில் மழைநீர் பிடிக்க வாய் குறுகிய செம்பையும் வாயகன்ற அண்டாவையும் ஒரே நேரம் வைத்தால் எதில் மிகுதியாகச் சேரும் என்பது நாமறிந்ததே. ஒளியும் அவ்வாறே. விலை குறைந்த சிறு கேமராக்களில் உள்ள '1/2.3 அங்குல' உணரி ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் உடையது. 'ஓர் அங்குல' உணரி என்று வழங்குவது 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உடையது. பெயரில் அங்குலம் இருப்பினும் அளவில் அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் குழாய்களை அளந்த வழக்கத்தின் எச்சமே இப்பெயர். பெருக்கிப் பார்த்தால் இரண்டாவதன் பரப்பு முதலாவதைப்போல் நான்கு மடங்கு. மாலை வேளையிலும் வீட்டு விளக்கொளியிலும் படம் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகத் தோன்றுவதற்கும், தெளிவாக அமைவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இப்பரப்பில்தான் அடங்கியுள்ளது. 2012-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 என்னும் சட்டைப்பை அளவுக் கேமரா ஓர் அங்குல உணரியைக் கொண்டிருந்தது. பின்னர் பிற நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. ரிக்கோ ஜி.ஆர்., புஜிபிலிம் எக்ஸ்.100 வரிசைகளில் இதனினும் பெரிய உணரி உண்டு. ஆனால் அவற்றில் ஜூம் இல்லை, விலையும் மிகுதி.

இரண்டாவதாகக் காண வேண்டியது வில்லை. வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தில் 1:1.8–2.8 என்றோ, 1:3.3–6.9 என்றோ சிறிய எழுத்தில் பொறித்திருப்பர். கடையில் நின்று இதனைப் படிக்கத் தெரிந்தால் விற்பவரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. வில்லையின் துளை எவ்வளவு அகலத் திறக்கும் என்பதை இவ்வெண் குறிக்கிறது. எண் சிறிதாயின் துளை பெரிது. எண் இரு மடங்கானால் உட்புகும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். முதல் எண் அகன்ற காட்சிக்கும், இரண்டாம் எண் ஜூம் முழுவதும் நீட்டிய நிலைக்கும் உரியவை. இரண்டாம் எண் 6-க்கு மேலிருந்தால், மேடை நிகழ்ச்சியை ஜூம் செய்து எடுக்கும்போது ஒளி போதாமல் இடர்ப்படுவோம் என்று முன்கூட்டியே அறியலாம்.

ஜூம் பற்றியும் ஒரு சொல். 'ஆப்டிகல் ஜூம்' என்பதே மெய்யானது. 'டிஜிட்டல் ஜூம்' என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறன்று. 30 மடங்கு, 40 மடங்கு என்னும் விளம்பரங்களுக்கு மயங்க வேண்டியதில்லை. சிறிய உடலில் நீண்ட ஜூம் அடங்க வேண்டுமாயின் உணரி சிறிதாகவும், நீட்டிய நிலையில் துளை குறுகியதாகவும் அமைவது இயல்பு. குடும்பத்திற்கும் கல்லூரிக்கும் 3 முதல் 5 மடங்கு வரை போதுமானது. பறவைகளை எடுப்போர்க்கு வழி வேறு.

மூன்றாவதாக, கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல் பொத்தானில் இயல்பாக அமைகிறதா? வெயிலில் திரை தெரிகிறதா? பொத்தானை அழுத்திய கணத்திற்கும் படம் பதியும் கணத்திற்கும் இடைவெளி மிகுதியா? மாற்று மின்கலம் எளிதில் கிடைக்குமா? எத்துணைச் சிறந்த கருவியும் கனமாக இருந்து வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுமாயின் பயனில்லை. பையில் எப்போதும் இருப்பதே நல்ல கேமரா.

பழைய கேமராவை வாங்கும் வழக்கம் இளைஞரிடையே அண்மையில் மீண்டும் பரவியுள்ளது. பொருள் வசதி குறைந்த மாணவருக்கு அது நல்ல வழியே. ஆனால் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். வில்லைக்குள் சிறு விளக்கை அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்திவலைபோல் தெரியும், தெரிந்தால் தவிர்க்கலாம். வில்லை தடையின்றி வெளிவந்து உள்ளே செல்ல வேண்டும். மின்கலம் உப்பியிருக்கக் கூடாது. வெண்சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே புகுந்த தூசி கருந்திட்டாகத் தெரியும். எக்ஸ்.டி., மெமரி ஸ்டிக் போன்ற வழக்கொழிந்த அட்டைகளை ஏற்கும் கேமராவை விடுத்து, எஸ்.டி. அட்டையை ஏற்பதையே வாங்குவது அறிவுடைமை.

கையாளும் முறை

கேமராவை ஒரு கையால் நீட்டிப் பிடித்துப் படமெடுப்பதே மங்கலுக்கு முதற் காரணம். இரு கைகளாலும் பற்றி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சை ஒரு கணம் அடக்கிப் பொத்தானை மெல்ல அழுத்த வேண்டும். பாதி அழுத்தினால் கேமரா தொலைவைக் கணித்துக்கொள்ளும். பிறகு முழுதும் அழுத்தினால் படம் உடனே பதியும். இவ்வொரு பழக்கமே பலருடைய படங்களைத் திருத்திவிடும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் கருத வேண்டும். அமர்ந்திருப்பவரை எடுக்க விநாடியில் 60-இல் ஒரு பங்கு போதும். ஓடும் குழந்தைக்கு 250-இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ வேண்டும். கேமராவிலுள்ள நடுக்கத் தடுப்பு நம் கையின் அசைவையே சரிசெய்யும். குழந்தையின் ஓட்டத்தை அது நிறுத்தாது. நேரத்தைக் குறைத்தால் ஒளி குறையும். அதனை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் மிகும். ஆயினும் மங்கிய படத்தைவிடப் புள்ளி மிகுந்த படமே மேல். புள்ளிகளைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம். மங்கிய முகத்தை மீட்க இயலாது.

இனி ஒளி. நம் நாட்டு நண்பகல் வெயில் தலைக்கு நேர்மேலே நின்று கண்குழிகளில் இருளை நிரப்புகிறது. அவ்வேளையில் மனிதரைத் திண்ணைக்கோ தாழ்வாரத்திற்கோ அழைத்து வந்தால் வெளியின் ஒளி மென்மையாக முகத்தில் படும். வீட்டினுள் சன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் கருத்தே தோன்றும். அவரைச் சன்னலை நோக்கிச் சற்றே திரும்பச் சொன்னால் போதும். எந்த விலையுயர்ந்த கருவியும் தராத அழகை அச்சன்னல் தரும். இடம் மாற்ற இயலாதாயின் பகலிலும் பிளாஷைப் பயன்படுத்தலாம். ஆனால் சிறு கேமராவின் பிளாஷ் சுமார் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் செல்லாது என்பதை நினைவில் கொள்க. பெரிய அரங்கின் பின்வரிசையிலிருந்து பிளாஷ் அடிப்பது முன்னிருப்பவரின் தலைகளை வெளுக்கச் செய்வதன்றி மேடைக்கு ஒன்றும் செய்யாது.

நம் நிகழ்ச்சிகளுக்குச் சிறப்பாகப் பொருந்தும் நுணுக்கம் ஒன்றுண்டு. பெருநாள் தொழுகை முடிந்து வெளிவரும் கூட்டத்தையோ, திருமண அவையில் வெள்ளுடையுடன் அமர்ந்திருப்போரையோ எடுத்த படங்களில் வெண்மை அழுக்கேறியதுபோல் சாம்பல் நிறமாகத் தோன்றுவதைக் கண்டிருப்போம். இது கேமராவின் பழுதன்று. எக்காட்சியையும் நடுத்தர வெளிச்சமுடையதாகக் கருதி அளக்குமாறு அது அமைக்கப்பட்டுள்ளது. வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டதும் "ஒளி மிகுந்துவிட்டது" என்று எண்ணி அது குறைத்துவிடுகிறது. கூட்டல், கழித்தல் குறிகளுடன் உள்ள ஒளியளவுத் திருத்தப் பொத்தானை +0.7 அல்லது +1 என வைத்தால் வெண்மை வெண்மையாகும், முகங்களும் தெளியும். பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கிக்கு இதற்கு மாறாக –0.7 என வைத்தல் வேண்டும்.

ஒருவருடைய முகத்தை மிக அருகில் சென்று எடுத்தால் மூக்குப் பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். இரண்டு மீட்டர் விலகி நின்று, ஜூமைச் சற்று நீட்டி எடுத்தால் முகம் தன் இயல்பான அளவில் அமையும். குழுப்படத்தில் ஓரத்தில் நிற்போர் அகன்று தோன்றுவதைத் தவிர்க்க, சற்றுப் பின்னால் சென்று எடுத்து, ஓரங்களில் சிறிது இடம் விடுவது நல்லது. இமை மூடாதவர் இரார்; எனவே குழுப்படத்தை மூன்று முறையேனும் எடுக்க வேண்டும்.

எதனை எடுப்பது?

பழைய ஆல்பங்களைப் புரட்டினால் அவற்றில் பெரும்பாலும் திருமணங்களையே காண்கிறோம். படச்சுருள் விலையுயர்ந்திருந்த காலத்தில் அது இயல்பே. ஆனால் அத்தா அன்றாடம் அமர்ந்த கடை, உம்மா சமைத்த அடுப்படி, வீட்டின் கிணற்றடி ஆகியவற்றின் படம் எங்கே? நம் பிள்ளைகளுக்கு வியப்பூட்டப் போவது மணமேடையின் அலங்காரமன்று. இன்று நாம் ஒரு பொருட்டாகக் கருதாத இவையே. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் கைகள், தெருமுனைத் தையற்கடை, வகுப்பறையின் கரும்பலகை, முதியவர் நூல் வாசிக்கும் நிலை ஆகிய யாவும் படத்திற்குரிய பொருள்களே.

தமிழ் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மற்றொரு பணியும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் பழைய கல்லறைக் கல்வெட்டுகள் உள்ளன. பல வீடுகளில் அரபுத் தமிழ் நூல்கள் பெட்டியில் உறங்குகின்றன. உப்புக் காற்று கல்லையும், பூச்சி தாளையும் அரித்துக்கொண்டிருக்கின்றன. தேய்ந்த கல்லெழுத்தை நேரெதிர் ஒளியில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கல்லில் சுண்ணமோ மாவோ பூசுதல் கூடாது. அது கல்லைக் கெடுக்கும். அளவறிய அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். நூலின் தாளை எடுக்கும்போது பிளாஷை அணைத்து, சன்னலொளியில், தாளுக்கு நேராகக் கேமராவை நிறுத்தி, முன்சொன்ன +1 திருத்தத்துடன் எடுத்தால் படிக்கத்தக்க படி கிடைக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்தி இரண்டு விநாடித் தாமதப் பொத்தானைப் பயன்படுத்தினால் கை நடுக்கமும் இராது.

கேமரா கையிலிருப்பதாலேயே எவரையும் எடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. சமயப் பேணுதலாலோ நாணத்தாலோ துயரத்தாலோ படத்தை விரும்பாதவர் உண்டு. கேட்டு எடுப்பதும், மறுத்தால் புன்முறுவலுடன் கேமராவைத் தாழ்த்துவதும் பண்பு. பெண்களின் படங்களையும் பிறர் குழந்தைகளின் படங்களையும் இசைவின்றி எவருக்கும் அனுப்புதல் தகாது. நோயுற்றோர் இல்லத்திலும் இழவு வீட்டிலும் கேமரா பைக்குள் இருப்பதே முறை.

பேணுதல்

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று வில்லைக்குப் பகை. காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கேமராவை வைத்தால் பூஞ்சை அணுகாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் வில்லையில் நீர் படியும். அதனைத் துடைக்காமல் சற்று நேரம் பைக்குள்ளேயே இருக்கவிட்டால் தானே மறையும். நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலத்தைப் பாதி மின்னூட்டத்துடன் கழற்றி வைத்தல் நலம்.

கருவியைப் பேணுவதினும் படத்தைப் பேணுவது பெரிது. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்தால் ஒவ்வொரு படத்துடனும் நாளும் நேரமும் தாமே பதியும். மின்கலம் நெடுநாள் தீர்ந்து கிடந்தால் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றி, தேவையற்றவற்றை அழித்து, 2025-03 என்பதுபோல் ஆண்டு முன்னும் மாதம் பின்னுமாகப் பெயரிட்ட உறைகளில் வைத்தால் அவை கால வரிசையில் தாமே நிற்கும். வாட்ஸ்அப் வழி அனுப்பிய படத்தை மூலமாகக் கருதலாகாது. அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு படத்திற்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். இது மிகைப்பட்ட அச்சமன்று. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் கணினியும் ஆல்பமும் ஒன்றாகவே நீரில் மூழ்கின. உறவினர் வீட்டில் இருக்கும் ஒரு படி அத்தகைய நாளில்தான் தன் மதிப்பைக் காட்டும். நினைவு அட்டை படத்தைக் கொண்டுவரும் ஊர்தியே. அதனை நிலையான களஞ்சியமாகக் கொள்ளுதல் கூடாது.

இறுதியாக, ஆண்டுக்கு ஐம்பது படங்களையேனும் அச்சிட வேண்டும். மின்சாரமும் கடவுச்சொல்லும் இன்றிப் பார்க்க வல்லது அச்சுப் படம் ஒன்றே. அதன் பின்புறம் மென்மையான பென்சிலால் நாள், இடம், பெயர் மூன்றையும் எழுதுக. எழுதும்போது 'பெரியம்மா' என்று மட்டும் எழுதினால், ஐம்பதாண்டுகளுக்குப் பின் அது எவருடைய பெரியம்மா என்று எவரும் அறியார். முழுப்பெயரையும், இன்னாரின் மகள் என்பதையும், ஊரையும் எழுத வேண்டும். இதனைச் செய்ய வீட்டு முதியவர்களே துணை. பெயரற்ற பழைய படங்களை அவர்கள்முன் பரப்பி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பணியை மாணவர் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம். அதைச் சொல்ல வல்லவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவாக

பெரிய எண்ணைக் கண்டு மயங்காது உணரியின் பரப்பையும் வில்லையின் துளையையும் கேட்டு வாங்குதல், இரு கையால் பற்றி ஒளி வரும் திசையை நோக்கி எடுத்தல், நாளும் பெயரும் எழுதிப் பல படிகளாகக் காத்தல் ஆகிய மூன்றுமே இக்கட்டுரை கூற விழைந்தவை. இவற்றுள் முதலாவதற்கே பணம் வேண்டும். ஏனைய இரண்டிற்கும் பொறுமை போதும். கேமரா வாங்க இயலாதவரும் கையிலிருக்கும் கைப்பேசியைக் கொண்டே அவ்விரண்டையும் செய்யலாம். பெற்றோரின் ஒரு நல்ல படத்தைப் பெயரெழுதிப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்பவர், விலைமதிப்பற்ற ஒரு சொத்தையே விட்டுச்செல்கிறார்.